இயக்கக் கூடாத வரி

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் நான்கு பேர். நிலையப் பொறுப்பாளர் திரவியம் சன்னலுக்கு முதுகைக் காட்டியபடி மேசையின் தலைமாட்டில் அமர்ந்திருந்தார். வெயில் பின்னாலிருந்து அடித்ததால் அவர் முகம் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அவருக்கு வலப்பக்கம் விசைப்படகு உரிமையாளர் சங்கத் தலைவர் கொர்னேலியு. நாற்காலி போதாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இன்னொரு கையை மேசைமேல் ஊன்றியிருந்தார். இடப்பக்கம், திரையும் விசைப்பலகையும் முன்னால் இருக்க, நிலையத்தின் எழுத்து வேலையும் இயந்திர வேலையும் பார்க்கிற அமலோற்பவம். நான்காவது ஆள் ஜெனோவா, கடலுக்குப் போய்த் திரும்பாத தொம்மையின் மனைவி. அவளுக்கென்று மேசையருகே போட்ட நாற்காலி காலியாக இருந்தது. அவள் சுவரோரம் கேட்பு இயந்திரத்தை ஒட்டிக் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். இவர்கள் பேசுவதை அல்ல, அது ஏதாவது பேசினால் அதைக் கேட்கத்தான் வந்தவள் போல.

பெரியமுனையில் அந்தக் கட்டடத்துக்குக் கடற்குரல் வாரியம் வைத்த பெயர் கேட்பு நிலையம். ஊர் வைத்த பெயர் காதாபீசு. தங்கல் படகு என்றால் வாரக்கணக்கில் கடலிலேயே கிடந்து மீன் பிடிக்கிற படகு. அப்படிப்பட்ட ஒவ்வொரு படகிலும் வாரியம் ஒரு மஞ்சள் பெட்டியைப் பொருத்தியிருந்தது. பெட்டிக்கு வெயில்தான் சாப்பாடு. படகு மூழ்கினாலும் அது மிதக்கும். எவ்வளவு தூரத்திலிருந்து பேசினாலும் காதாபீசின் இயந்திரத்துக்குக் கேட்கும். ஆனால் இயந்திரத்துக்கு ஒரே நேரத்தில் இத்தனை பெயரைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்ற அளவு உண்டு. அந்த அளவு நிறைந்துவிட்டதால்தான் இந்தக் கூட்டம்.

"விண்ணரசி படகு காணாமப் போயி எட்டு மாசம் ஆச்சி" என்றார் கொர்னேலியு. "நான் வயித்தெரிச்சல்ல சொல்லல. தொம்மை எனக்கும் கூட்டாளிதான். அவன் கல்யாணத்துக்கு நான்தான் மாப்ள தோழன். ஆனா கரையில புதுப் படகு வரிசையா நிக்கி. காதாபீசுல எடம் கெடைக்காம கடலுக்கு விடமாட்டேங்கானுவ. அத்தனை வீட்லயும் அடுப்பு எரியணும்லா?"

"இப்ப என்ன செய்யணுங்கிய?" என்று பெஞ்சிலிருந்து ஜெனோவா கேட்டாள்.

"விண்ணரசி பேரை எடுத்துட்டு அந்த எடத்தைக் குடுக்கணுங்கேன்."

"பெட்டி கவுந்து கெடந்தா வெயிலு படாது மாமா. வெயிலு படலேன்னா பேசாது. அலை பொரட்டிப் போட்டா பேசும். நாளைக்கே பொரட்டிப் போட்டா?"

கொர்னேலியு திரவியத்தைப் பார்த்தார். திரவியம் அமலோற்பவத்தைப் பார்த்தார்.

விண்ணரசியின் டிரைவர் தொம்மையின் குரல் அமலோற்பவத்துக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்கள் பெட்டியின் பொத்தானை அழுத்தினால் நேரே காற்று, மீன், ஐஸ் என்று தொடங்குவார்கள். தொம்மை முதலில் ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லுவான், நிதானமாக, ஒரு சொல்லைக்கூட விழுங்காமல். அதற்குப் பிறகுதான் சேதி. "அண்ணே, மாதா காத்துக்கிட்டிருப்பா, நீங்க மீன் எவ்வளவுன்னு சொல்லுங்க" என்று அவள் கிண்டல் செய்வாள். "நீ ஆமென் சொல்லு, சொல்லுதேன்" என்பான்.

பெட்டிகளின் சாவிக்கு நகல் இல்லாமல் போனதும் அவனால்தான். பெட்டி பேசுவதை வேறு படகுக்காரன் ஒட்டுக்கேட்டால் மீன் கிடக்கிற இடம் தெரிந்துபோகும் என்று ஊரில் பயம் எழுந்தபோது, வாரியம் ஒவ்வொரு பெட்டிக்கும் தனிச்சாவி போட்டுத் தருவதாகச் சொன்னது. சாவியின் ஒரு பாதி பெட்டியில். மறு பாதி காதாபீசில். தலைமையகத்தில் ஒரு நகல் இருக்கும் என்றதும் தொம்மை எழுந்து நின்றான். "நான் மீன் பாத்த எடத்தை எம் பொண்டாட்டிக்கே சொன்னதில்ல. ஒங்க தலைமையகத்துக்கு எதுக்கு நகலு? அங்க இருக்கவன் எவன்னு எனக்குத் தெரியுமா?" கூட்டம் கைதட்டியது. நகல் வேண்டாம் என்று ஒரே குரலில் தீர்மானம் போட்டார்கள். பெரியமுனைக்காரர்கள் தவிர வேறு யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று வாரியத்தில் இன்றும் சொல்லிச் சிரிப்பதுண்டு.

"பெயரை எடுத்தா சாவியும் போயிடும்" என்றார் திரவியம், எல்லாருக்குமாக. "அப்புறம் அந்தப் பெட்டி கத்தினாலும் நமக்கு அது வெறும் இரைச்சல்தான். திரும்பக் கொண்டுவர முடியாத காரியம். நான் மட்டும் முடிவு பண்ண மாட்டேன். அமலா, வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுது. இன்னும் ஒரு வருஷம் கேட்டுக்கிட்டிருக்க அனுமதி கேளு. எந்தக் கட்டளையைப் பத்திப் பேசறோம்னு அவங்களுக்குத் தெரியணும், அதையும் அப்படியே காட்டிடு. பதில் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது."

"நான் ஒண்ணும் தொடல" என்று கொர்னேலியு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

ஜெனோவா எழுந்தாள். போகிறபோது இயந்திரத்தின் மேல் கையை வைத்தாள். "அமலக்கா, இதுக்குக் காதுல அழுக்கு அடைச்சிருக்கான்னு பாத்துக்கிடுங்க" என்றாள். சிரிப்பதற்காகச் சொன்னதுதான். யாரும் சிரிக்கவில்லை.

*

அமலோற்பவத்தை ஊரில் கடுதாசி அமலம் என்பார்கள். தபால் எழுதத் தெரியாதவர்கள் என்று இப்போது யாரும் இல்லை. ஆனாலும் வங்கிக்கோ வாரியத்துக்கோ எழுத வேண்டியிருந்தால் அவளிடம் வருவார்கள். பொருள், பார்வை, கோரிக்கை என்று ஒழுங்காக, எதைச் சொல்கிறாளோ அதைப் பக்கத்திலேயே காட்டி எழுதுவாள். அவள் கடிதத்துக்கு மறு கேள்வி வந்ததே இல்லை.

நிலையத்தின் வேலை முழுவதும் 'நடப்பு' என்ற ஒரே கோப்பில் இருந்தது. எடிட்டரில் அதைத் திறந்தால் முதல் பார்வைக்கு யாரோ எழுதிய நாட்குறிப்பு போலிருக்கும். 'காலையில் வந்ததும் அலையின் உயரத்தைக் கேட்க வேண்டும்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே சின்னக் கட்டத்துக்குள் அதற்கான கட்டளை. கட்டத்தில் கர்சரை வைத்து ஒரு விசையைத் தட்டினால் கட்டளை ஓடி, கட்டத்துக்கு அடியிலேயே பதிலை எழுதி வைக்கும். செய்ய வேண்டியது என்ன, ஏன் செய்கிறோம், செய்ததும் என்ன ஆயிற்று, எல்லாம் ஒரே தாளில். அவளுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று. கடிதங்களையும் அவள் அதற்குள்ளேயே எழுதினாள். வானிலை அறிக்கையை அச்சுக்கு அனுப்பினால், அந்த நொடியின் காற்றும் அலையும் தானாக வந்து தாளில் உட்கார்ந்துகொள்ளும். அச்சுக்குப் போகும்போது எடிட்டர் எல்லாக் கட்டங்களையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்வதுதான் காரணம். அந்தப் பக்கத்தில் என்ன கட்டம் இருக்கிறதோ அதெல்லாம்.

கோப்பின் உச்சியில் ஒரு வரி இருந்தது. இந்தக் கோப்பில் உள்ள கட்டளைகள் அனைத்தும் நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓடட்டும் என்று அதற்கு அர்த்தம். அதை எழுதியவள் அமலோற்பவம்தான். முந்தின வருஷத்துப் புயலில், படகு படகாகத் திருப்பி அழைக்கும்போது, ஒவ்வொரு கட்டளைக்கும் இயந்திரம் கடவுச்சொல் கேட்டது. அவசரத்தில் தப்பாகத் தட்டினால் திரும்பக் கேட்டது. ஒரு படகைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் அடுத்த படகு காற்றுக்குள் போய்விடும் போலிருந்தது. அவள் கோப்பின் மேலே ஏறி அந்த ஒரு வரியைப் போட்டாள். அதற்குப் பிறகு இயந்திரம் எதையும் கேட்கவில்லை. அவள் சொன்னதையெல்லாம் செய்தது. அந்தப் புயலில் பெரியமுனையின் படகுகள் அத்தனையும் கரை சேர்ந்தன. வாரியம் அவளுக்குப் பொன்னாடை போர்த்தியது. வரியை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதே கோப்பில்தான் இந்தக் கடிதத்தையும் எழுதினாள்.

'மஞ்சள் பெட்டி கவிழ்ந்த நிலையிலும் நெடுநாள் கெடாமல் இருக்கக் கூடியது என்பதால், விண்ணரசியின் பெயரை இன்னும் ஓராண்டு காலம் நீக்காமல் வைத்திருக்க அனுமதி கோருகிறோம். கீழே காட்டியிருப்பதுதான் நீக்கும் கட்டளை. தங்கள் உத்தரவின்றி இதை இயக்கக் கூடாது என்பது எங்கள் பணிவான வேண்டுகோள்.'

கீழே கட்டம் போட்டு, நீக்கு என்று தொடங்கிப் படகின் பெயரில் முடிகிற அந்த ஒற்றை வரியை எழுதினாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தாள். இல்லை. அச்சுக்கு அனுப்பினாள்.

தாள் சூடாக வெளியே வந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் எப்போதும் போல ஒருமுறை வாசித்தாள். கட்டத்துக்குக் கீழே அவள் எழுதாத ஒரு வரி இருந்தது.

விண்ணரசி: நீக்கப்பட்டது.

யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. பிறகு இயந்திரத்தின் பெயர்ப்பட்டியலைத் திறந்தாள். 'வளர்பிறை'க்கு அடுத்து 'வேளாங்கண்ணித் தாய்' வந்தது. நடுவில் எதுவும் இல்லை.

*

"மேடம், அந்த வரியை நடப்புக்குள்ளயா எழுதினீங்க?" என்று கேட்டான் இளம்பரிதி. தலைமையகத்தில் எடிட்டரைப் பார்த்துக்கொள்கிற பையன். நேரில் பார்த்ததில்லை, பல வருஷமாகப் போனில் பழக்கம்.

"எல்லாக் கடிதமும் அதுலதான் தம்பி எழுதுவேன்."

"கட்டம் போட்டா?"

"எது கட்டளை, எது நான் எழுதுனதுன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியணும்லா?"

அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"மேல எழுதியிருக்கேனே தம்பி. 'இதை இயக்கக் கூடாது'ன்னு. தெளிவா எழுதியிருக்கேன்."

"அது மனுஷனுக்கு எழுதினது மேடம். எடிட்டர் அதைப் படிக்காது. கட்டத்துக்குள்ள இருக்கறதை மட்டும்தான் எடுத்துக்கும். கட்டத்தைச் சுத்தி நீங்க கெஞ்சியிருக்கீங்களா, திட்டியிருக்கீங்களான்னு அதுக்குத் தெரியாது."

"கடவுச்சொல் கேட்டிருக்கணுமே."

"கேட்டிருக்கும். அச்சடிக்கப் போற நேரத்துல ஏன் நிர்வாகி கடவுச்சொல் கேக்குதுன்னு உங்களுக்கும் சந்தேகம் வந்திருக்கும். மேல அந்த வரி இல்லேன்னா."

அமலோற்பவம் கோப்பின் உச்சியில் இருந்த அந்த வரியைப் பார்த்தாள்.

"அதை நீங்க எழுதினதுக்கு அப்புறம்" என்று அவனே தொடர்ந்தான், குரல் இறங்கி, "நல்ல யோசனைன்னு நான்தான் மேடம் எல்லா நிலையத்துக்கும் அனுப்பினேன். இப்போ எல்லாக் கோப்புலயும் அது இருக்கு. இந்தப் போனை வச்சதும் நான் ஒவ்வொண்ணா எடுக்கணும்."

"சாவியைத் திரும்ப எடுக்க முடியுமா?"

"நகல் இருந்தா."

இருவருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அவள் கேட்டாள். அவனும் தெரியாதவனைப் போலப் பதில் சொன்னான்.

*

திரவியம் கெட்டவர் இல்லை. அவருக்கு ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தாளை வாங்கி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப வாசித்தார்.

"வாரியம் எப்படியும் முடியாதுன்னுதான் எழுதும்" என்றார். "எட்டு மாசம்னு கேட்டாலே அவங்க பேனாவை எடுத்துடுவாங்க. அப்போ அவங்க உத்தரவுப்படி நீக்கினோம்னு ஆயிடும். ரெண்டு வாரம் முன்ன பின்ன, அவ்வளவுதான். இந்தக் கடைசி வரி மட்டும் தாளில் வேண்டாம்."

"சார், ஜெனோவா தெனமும் வருவா."

"வரட்டும். எதுவும் கேக்கலைன்னு சொல்லு. அது உண்மைதானே?"

கடைசி வரி இல்லாமல் கடிதம் போயிற்று. அன்றிலிருந்து கோப்பைத் திறக்கும் உரிமையை அவளிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டார். தண்டனைக்காக அல்ல, பாதுகாப்புக்காக என்று சொன்னார். அவளும் அதை நம்பினாள். விசைப்பலகையைத் தொடாமல் இருப்பதே அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இயந்திரம் காலையில் அச்சிட்டுத் தள்ளுகிற தாள்களை அடுக்கி வைப்பது மட்டும் அவள் வேலையாயிற்று.

ஜெனோவா இறால் கம்பெனிக்குப் போகிற வழியில் வருவாள். உள்ளே வரமாட்டாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்பாள்.

"சத்தம் ஏதும் வந்துதா அமலக்கா?"

"இல்ல ஜெனோவா."

முன்பும் அமலோற்பவம் இதே இரண்டு சொற்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். முன்பு அதைச் சொல்லும்போது அவளுக்கும் வருத்தமாக இருக்கும். ஜெனோவாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுவாள். இப்போது தாளைப் புரட்டிக்கொண்டே சொன்னாள். கதவைப் பூட்டிவிட்டு, யாரும் வந்து தட்டவில்லை என்று சொல்வது போலிருந்தது.

பதில் வந்தது. வாரியம் முடியாது என்று எழுதவில்லை. 'தங்கள் கடிதத்தில் கண்ட காரணங்கள் தெளிவாக உள்ளன. விண்ணரசியின் பெயரை மேலும் ஓராண்டு வைத்திருக்க அனுமதிக்கப்படுகிறது. பெரியமுனையின் புதுப் படகுகளுக்காகக் கூடுதல் இயந்திரம் ஒன்று அனுப்பப்படும்.' நகல் ஒன்று நேராக ஜெனோவாவின் வீட்டுக்கும் போயிருந்தது.

மறுநாள் ஜெனோவா முதல்முறையாக வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். அந்தக் கடிதத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தாள்.

"மாதா படத்துக்குக் கீழ வைக்கப் போறேன்" என்றாள். "கடுதாசி அமலம் எழுதுனா நடக்காம போவுமான்னு கொர்னேலியு மாமாவே சொல்லுதாவ. அவிய வந்தா ஒங்களுக்கு ஒரு வஞ்சிரம் முழுசா கொண்டாந்து போடச் சொல்லுவேன்."

அமலோற்பவம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். குடத்துக்குப் பக்கத்தில் நின்று, டம்ளரை வாயில் வைத்தபடி, ஜெனோவா போகும்வரை குடித்துக்கொண்டே இருந்தாள்.

அன்று மாலை திரவியத்திடம் மட்டும் சொன்னாள். "உத்தரவுப்படி நீக்குனதா ஆகல சார்."

"ஆமா" என்றார் அவர்.

*

அது நடந்தது கடல் கண்ணாடியாகக் கிடந்த ஒரு காலையில். இயந்திரம் தள்ளிய தாள்களில் கடைசித் தாள் எப்போதும் 'அறியாத ஒலிகள்'. மின்னல், கப்பல் எந்திரம், எங்கிருந்தோ வந்த வானொலி இரைச்சல், எல்லாம் அதில் வந்து விழும். யாரும் அதை வாசிப்பதில்லை. அமலோற்பவத்துக்கு இப்போது வேறு வேலை இல்லாததால் வாசித்தாள். ஒரு வரியின்மேல் அவள் விரல் நின்றது. தென்மேற்கிலிருந்து ஒரு குரல். மஞ்சள் பெட்டியின் வகையைச் சேர்ந்தது. சாவி பொருந்தவில்லை. பெயர் தெரியவில்லை.

கேட்பு நிலையங்கள் எல்லாவற்றிலும் விசாரித்துவிட்டு இளம்பரிதி திரும்ப அழைத்தான்.

"மத்த எல்லாப் பெட்டியும் கணக்குல இருக்கு மேடம். பெயர் இல்லாத பெட்டின்னு நாட்டுல இப்போ ஒண்ணுதான் இருக்கு."

"என்ன சொல்லுதுன்னு..."

"முடியாது. இன்னொண்ணு சொல்லணும். பெட்டி தானா பேசினா ஒரு மூச்சு விடற நேரம்தான். 'இங்க இருக்கேன்'னு சொல்லிட்டு அடங்கிடும். நீளமா வந்தா, யாரோ பொத்தானை அழுத்திப் பிடிச்சிருக்காங்கன்னு அர்த்தம்." நிறுத்தினான். "இது நீளம் மேடம்."

நாற்காலி பின்னால் இருக்கிறதா என்று பார்க்காமலே அவள் உட்கார்ந்தாள். இருந்தது.

"வேற யாராவது மிதந்த பெட்டியை எடுத்து அழுத்தியிருக்கலாம்" என்றான் அவன். "ஏதாவது கப்பல்காரன். எதையும் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா தேடல் பிரிவுக்குச் சொல்லணும். திசை தெரியுது, அந்தக் கோட்டுல விமானம் போகும். நான் போன்ல சொல்லிட்டேன். அவங்க எழுத்துல கேக்கறாங்க. கோப்பா அனுப்பினா திறக்க மாட்டாங்க. நம்ம விஷயத்துக்கு அப்புறம் நிலையத்துலேர்ந்து வர்ற எந்தக் கோப்பையும் யாரும் திறக்கறதில்ல. காகிதம்தான். கையால எழுதி, கையெழுத்து, முத்திரை. எந்தப் பெட்டின்னும் சொல்லணும், பெயர் ஏன் இல்லைன்னும் சொல்லணும். இல்லேன்னா இரைச்சலுக்கு விமானம் அனுப்ப மாட்டாங்க."

'நம்ம விஷயம்' என்று அவன் சொன்னது அவளுக்கு விளங்கிற்று. அவன் தன் பங்கைத் தலைமையகத்தில் ஒப்புக்கொண்டிருந்தான். பெரியமுனையின் பெயரை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

*

"சத்தம் ஏதும் வந்துதா அமலக்கா?"

"வந்துது."

ஜெனோவாவின் கை நிலையிலிருந்து நழுவிற்று. உள்ளே வந்தாள். பெஞ்சில் உட்காரவில்லை; அன்று கூட்டத்தில் காலியாகக் கிடந்த அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அமலோற்பவம் எல்லாவற்றையும் சொன்னாள். கடிதம் எழுதுகிற மாதிரி, முதலில் நடந்ததை முதலில், அடுத்ததை அடுத்து. கட்டத்தைப் பற்றிச் சொன்னாள். அச்சுக்கு அனுப்பியதைச் சொன்னாள். உச்சியில் இருந்த வரியைச் சொன்னாள். ஜெனோவா குறுக்கே பேசாமல் கேட்டாள். இடையில் ஒருமுறை மட்டும் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"நான் வந்து நின்ன நாளெல்லாம் இல்ல, இல்லன்னியே. கேட்டுப் பாத்துட்டா சொன்னே?"

"இல்ல."

"கேக்காதுன்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

ஜெனோவா தலையை ஆட்டினாள். கோபப்படுவாள், கையில் கிடைத்ததை எடுத்து வீசுவாள் என்று அமலோற்பவம் எதிர்பார்த்தாள். அப்படிச் செய்தால் தாங்கிக்கொண்டுவிடலாம் என்றுகூட நினைத்தாள். அவள் அப்படி எதுவும் செய்யவில்லை.

"போடு. கேக்கணும்."

"வெறும் இரைச்சல்தான் ஜெனோவா. உள்ள இருக்கது தெரியாது."

"போடு."

அறைக் கதவில் திரவியம் வந்து நின்றார். அமலோற்பவம் அவரைப் பார்த்தாள். அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு வந்து, விசைப்பலகையில் தன் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டு விலகி நின்றார். அவள் ஒலியை ஓடவிட்டாள்.

மணலில் மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல். ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. ஜெனோவா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உதடுகள் அசைந்தன. என்ன சொல்கிறாள் என்று அமலோற்பவத்துக்குச் சற்றுக் கழித்துத்தான் புரிந்தது. மங்கள வார்த்தை செபம். அவசரமில்லாமல், ஒரு சொல்லைக்கூட விழுங்காமல், தொம்மை சொல்லுகிற அதே வேகத்தில்.

அவள் ஆமென் சொல்லி முடித்தாள். இரைச்சல் நிற்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு நின்றது.

ஜெனோவா கண்ணைத் திறந்தாள்.

"செபம் முடிஞ்சி பெறவும் பேசியிருக்காவ" என்றாள்.

அமலோற்பவம் திரையில் ஒலியின் நீளத்தைத் திரும்பப் பார்த்தாள்.

"அதுலதான் சேதி இருந்திருக்கும்" என்றாள். "ஒடம்பு எப்பிடி இருக்கு, யாரு யாரு இருக்காவ, எங்கன கெடக்காவ, எல்லாம். எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாவ." முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குனிந்தாள். அழுகைச் சத்தம் வெளியே வரவில்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. அமலோற்பவம் கையை நீட்டினாள். தொட உரிமை இல்லாதவள் போலப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து ஜெனோவா நிமிர்ந்தாள். பையிலிருந்து வாரியத்தின் கடிதத்தை, பிளாஸ்டிக் உறையோடு எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இது இனி எனக்கு வேண்டாம். நீ வேற எழுது. தேடச் சொல்லி எழுது."

"எழுதுனா..." என்று தொடங்கினார் திரவியம். அமலோற்பவத்தின் வேலை, தன் ஓய்வூதியம், மகளின் சம்பந்தம் என்று அவர் வாயில் வந்ததெல்லாம் அவர் முகத்தில் தெரிந்தது. சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து, பழைய தாள்கட்டு ஒன்றைத் தேடியெடுத்து அவள் முன்னால் வைத்தார்.

*

அவள் பேனாவால் எழுதினாள். பல வருஷமாகப் பழக்கம் விட்டுப்போன கை. எழுத்து பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் எழுத்துபோல வந்தது. பொருள். பார்வை. நடந்தது. பெயரை நீக்கியவள் தான்தான் என்று எழுதினாள். தெரியாமல் நடந்தது என்றும், தெரிந்த பிறகும் சொல்லவில்லை என்றும் இரண்டையும் தனித்தனி வாக்கியமாக எழுதினாள். திரவியம் தாளின் ஓரத்தில் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார், சேர்த்தாள்.

எந்தக் கட்டளை ஓடியது என்று காட்ட வேண்டிய இடம் வந்தது. வழக்கப்படி கட்டம் போட்டாள். கட்டத்துக்குள் நீக்கு என்று எழுத வேண்டும். இது காகிதம், யார் திறந்தாலும், எத்தனை பேர் வாசித்தாலும் எதுவும் ஓடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பேனா அங்கே போய் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போனாள்.

"நீளம் கேப்பாங்க" என்றார் திரவியம். "ஒலி எவ்வளவு நேரம்னு."

இயந்திரத்தில் கணக்கு இருந்தது, எழுதினாள். பிறகு, அவளுடைய எந்தக் கடிதத்திலும் இதுவரை இல்லாத ஒரு வரியையும் சேர்த்தாள்: 'அதாவது, விண்ணரசியின் டிரைவர் வழக்கமாகச் சொல்லும் மங்கள வார்த்தை செபம் ஒன்றும், அதற்குமேல் அவர் சொன்ன சேதியும்.'

ஜெனோவா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"அவிய பேரை எழுதலியே."

"டிரைவர்னு எழுதியிருக்கேன்."

"பேரை எழுது. ஆளைத் தேடுறவனுக்குக் கூப்பிடப் பேரு வேண்டாமா?"

அமலோற்பவம் 'டிரைவர்' என்பதற்கு மேலே இடம் பிடித்து, 'தொம்மை' என்று எழுதினாள். ஜெனோவா சொன்னபடி அவனோடு போன நான்கு பேரின் பெயரையும் வரிசையாக எழுதினாள். மை காயும்வரை மூவரும் காத்திருந்தார்கள்.

தாளை மூன்றாக மடித்து உறையில் இட்டாள். திரவியம் மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி ஊற்ற, அவள் நிலையத்தின் முத்திரையை வைத்து அழுத்தினாள். வெளியே முற்றத்தில் தபால் ட்ரோன் வந்து இறங்கியிருந்தது. உறையை அதன் வயிற்றில் வைத்து மூடியபோது, ஜெனோவா முன்னால் வந்து மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தாள், அன்று இயந்திரத்தின்மேல் வைத்தது போலவே. பிறகு கையை எடுத்தாள்.

அது எழும்பி, கோயில் கோபுரத்தைத் தாண்டி, நகரத்தை நோக்கித் திரும்பியது.